அக்னிக்கு அடுத்த ஸ்டாப் எமன்!

பஞ்சபூதத் தலங்களில் திருவண்ணாமலைக்கு ஒதுக்கப்பட்டது நெருப்பு இலாகா. ஒதுக்கினவர் யாராக இருந்தாலும், பங்குனி மாதம் மத்தியானம் ஒரு மணிக்குச் செங்கம் ரோட்டில் செருப்பில்லாமல் நின்று பார்த்துவிட்டுத்தான் ஃபைலில் கையெழுத்துப் போட்டிருப்பார்.

பெரிய கோயிலிலிருந்து செங்கம் ரோட்டில் இரண்டு கிலோமீட்டர். அக்னி லிங்கம் தாண்டி, சேஷாத்ரி சுவாமிகள் ஆசிரமம் தாண்டினால் ரமணாசிரமம். உள்ளே மயில் அகவுகிறது. வெளியே ஆட்டோ அகவுகிறது. தெலுங்கில் எழுதின ஓட்டல் போர்டுகள், இளநீர் வண்டி, ருத்திராட்சக் கடை, 'ஸ்கூட்டர் வாடகைக்கு' என்று இங்கிலீஷில் அட்டை. வெள்ளைக் குர்த்தா போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் ஹெல்மெட் இல்லாமல் முக்தி தேடிப் போய்க்கொண்டிருப்பார். நடுநடுவே 'டுப்... டுப்... டுப்' என்று புல்லட்.

ஆசிரமம் இருப்பது மலையின் தென்பக்கம். மலை முழுக்கக் கல். பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, ராத்திரியில் நிதானமாகத் திருப்பித் தரும். எட்டு மணிக்கு மேல் பாறையில் கை வைத்தால், பழைய ஆபீஸ் ஃபேன் மோட்டார் மாதிரி வெதுவெது என்கிறது. கிருத யுகத்தில் இது அக்னி மலையாக இருந்தது, கலியுகத்தில் குளிர்ந்து கல்லானது என்கிறது தலபுராணம். 2,668 அடி உயரத்தைக் குளிர வைத்தது நிச்சயம் பெரிய வேலைதான். ஆனால் வேலை இன்னும் முழுசாக முடியவில்லை என்பது என் அபிப்பிராயம்.

ரமணரே வெயிலுக்கு ஏற்பாடு செய்துகொண்டவர்தான். 1899-லிருந்து 1916 வரை விரூபாட்ச குகையில் இருந்தபோது, கோடைக்கு மட்டும் மாமரக் குகைக்கு இடம் மாறிவிடுவார். அதற்கப்புறம் 1922 வரை இருந்த ஸ்கந்தாசிரமத்தில் சுனைத் தண்ணீர் உண்டு. இத்தனைக்கும் உடம்பைப் பற்றிக் கவலையே படாதவர் என்று பெயர் வாங்கினவர்.

ஆனால் நம்ம ஆட்கள் இருக்கிறார்களே... இன்ஜினுக்குச் சூடு ஏற்றுகிற ஏற்பாடு அத்தனையும் செய்துவிட்டு, அது இறங்குகிற வழியை மட்டும் மறந்துவிடுவார்கள்.

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கும் என் நண்பன் அந்த ரகம். அவனிடம் 1994-ம் வருஷத்துப் புல்லட் ஒன்று இருக்கிறது. பழைய வார்ப்பிரும்பு இன்ஜின். அதைச் சென்னையில் ஒரு பட்டறையில் கொடுத்து 'மாடிஃபை' செய்திருந்தான். போர் பெரிசாக்கி, புதுப் பிஸ்டன். ஊரையே எழுப்புகிற சைலன்சர். பழைய ஃபில்டர் டப்பாவைக் கழற்றி வீசிவிட்டு, குல்லா மாதிரி ஒரு ஃபில்டர். இன்ஜின் முழுக்கப் பளபளவென்று கறுப்புப் பெயின்ட். முன்னால் லெக் கார்டில் இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டி, இரண்டு மஞ்சள் விளக்கு. தூரத்திலிருந்து பார்த்தால் புல்லட். கிட்டே வந்தால் திருவிழாக் கடை.

அடுத்த வாரம் மனைவியை உட்கார வைத்துக்கொண்டு ஏற்காடு போவதாகத் திட்டம். இருபது கொண்டை ஊசி வளைவு. அதற்கு ஒத்திகையாகத்தான் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலைக்குக் கிளம்பினான்.

திண்டிவனம் வரை ராஜ மரியாதை. செஞ்சிக் கோட்டை கண்ணில் பட்டதும் சத்தம் மாறியது. டுப் டுப்புக்கு நடுவே 'கிணிங் கிணிங்' என்று யாரோ டம்ளரில் ஸ்பூன் தட்டுகிற மாதிரி. திருகினால் வேகம் ஏறவில்லை. "பெட்ரோல் கலப்படம் மச்சான்" என்றான். திருவண்ணாமலைக்குள் நுழைந்து அக்னி லிங்கம் வரும்போது, முன்னால் நாலு டூரிஸ்ட் பஸ், நடுவில் ஜனம். முதல் கியரில் ஆமை வேகத்தில் இருபது நிமிஷம். ரமணாசிரமத்து வாசலைத் தாண்டினதும் 'கிர்ர்ரக்' என்று ஒரு சத்தம். பின் சக்கரம் கோடு போட்டு நின்றது. நடை வேகத்தில் போனதால் நாங்கள் இரண்டு பேரும் விழாமல் தப்பித்தோம்.

டீக்கடைக்காரர் நல்ல மனுஷர். வாளி நிறையத் தண்ணீரோடு ஓடி வந்தார். அதே நேரம் சந்துக்குள்ளிருந்து ஒரு குரல்:

"யோவ்! ஊத்தாதே! போர் வெடிச்சுரும்!"

புளியமரத்தடியில் ஒரு மெக்கானிக் கடை. போர்டு கிடையாது. குரலுக்குச் சொந்தக்காரருக்கு அம்பது வயசு இருக்கும். வண்டியைத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னார். ஒரு மணி நேரம் அதைத் தொடவே இல்லை. ஆறின பிறகு மெதுவாகக் கிக்கரை அமுக்கினார். இறங்கியது.

"பிஸ்டன் பிடிச்சு வுட்டிருக்கு. கொஞ்சமாத்தான். ஏன் சார், அக்னி லிங்கம் தாண்டினா அடுத்த லிங்கம் எது?"

"எம லிங்கம்ணே."

"வருணனும் வாயுவும் அதுக்கப்புறந்தான் வராங்க. இன்ஜினும் அப்படித்தான். சூட்டை ஏமாந்து வுட்டீங்கன்னா காத்தோ தண்ணியோ வந்து காப்பாத்தறதுக்குள்ளே நடுவுல எமன் நிக்கிறாரு. எண்பதுல போறப்போ இது நடந்து, பின்னாடி லாரி வந்திருந்தா?"

நண்பன் பதில் சொல்லவில்லை. செல்போனை எடுத்து, வால்பேப்பரில் இருந்த மனைவி படத்தைப் பார்த்துவிட்டு, திரும்பப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான்.

* * *

நான் பி.காம். எனக்கு இன்ஜின் புரிய வேண்டும் என்றால் வரவு செலவுக் கணக்காகச் சொன்னால்தான் உண்டு. சொல்லிப் பார்க்கிறேன்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் கரண்டுக்குச் சமமான சக்தி இருக்கிறது. அதில் சக்கரத்துக்குப் போய்ச் சேருவது சுமாராகக் கால் பங்கு. மீதி எல்லாம் சூடு. அதில் ஒரு பகுதி சைலன்சர் வழியாக ஓடிவிடும். இன்னொரு பகுதி இன்ஜின் உடம்பிலேயே இறங்கும். அதைத்தான் தினமும் செலவெழுதித் தீர்க்க வேண்டும். பாக்கி வைத்தால் வட்டி போட்டு வசூலிக்கும்.

போருக்குள்ளே பெட்ரோல் எரிகிற நொடியில் 2,000 டிகிரிக்கு மேல் போகிறது. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். பிஸ்டன் அலுமினியக் கலவை. அப்படியென்றால் எப்படி உருகாமல் இருக்கிறது? நெருப்பு ஒரு கண் சிமிட்டலுக்கும் குறைவான நேரம்தான். வந்த சூட்டை உடனுக்குடன் யாரோ வாங்கிக்கொண்டு போகிறார்கள். அந்த 'யாரோ' மூன்று பேர். இன்ஜினைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் தகடுகளில் மோதுகிற காற்று, உள்ளே ஓடுகிற ஆயில், புதுசாக உள்ளே வருகிற பெட்ரோல்.

இதில் ஒருவர் லீவு போட்டாலும் பிஸ்டன் வீங்கும். அதே சூட்டுக்கு இரும்பு வீங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அலுமினியம் வீங்கும். இரும்புப் போருக்குள் அலுமினியப் பிஸ்டன் என்றால் கேட்கவே வேண்டாம். தீபாவளிக்கு முதல் நாள் டவுன் பஸ்ஸில் ஏறின மாதிரி, நகர முடியாமல் நின்றுவிடும். இதைத்தான் அண்ணன் 'பிடிச்சிடுச்சு' என்றார்.

நண்பனின் வண்டியில் மூன்று பேருமே லீவு!

அண்ணன் ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டினார். "இந்தப் பெட்டி ரெண்டும் காத்தை மறிச்சுக்கிட்டு நிக்குது. தகட்டு மேலே பெயின்ட் இவ்ளோ கனம். ஸ்வெட்டர் போட்டு வெச்சிருக்கீங்க. அந்த இடுக்குல பழைய சேறு வேற. காத்து எங்கே சார் போவும்?"

அடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். முனையில் இருக்கிற பீங்கான் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

"ஃபில்டரை மாத்திட்டாங்க, சைலன்சரை மாத்திட்டாங்க. காத்து தாராளமா வருது, தாராளமா போவுது. கார்ப்பரேட்டர்ல ஜெட்டு மட்டும் அதே பழைய சைஸ். அப்போ பெட்ரோல் பத்தலை. பெட்ரோல் பத்தலேன்னா மைலேஜ் வரும்னு நினைக்கிறாங்க. சூடுதான் வரும். பிளக்கு காபித்தூள் கலர்ல இருக்கணும். வெளுத்தா சூடு. கரி பிடிச்சா பெட்ரோல் ஜாஸ்தி."

ஆயிலைத் தொட்டு இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தார். தண்ணீராக ஓடியது. "போர் பெரிசு பண்ணி புதுப் பிஸ்டன் போட்டா, முதல் சில நூறு கிலோமீட்டர் குழந்தையை நடத்திக் கூட்டிட்டுப் போற மாதிரி போகணும். நீங்க நேரா மாரத்தான்ல வுட்டிருக்கீங்க."

செஞ்சியில் கேட்ட 'கிணிங் கிணிங்' பெட்ரோல் கலப்படமாகவும் இருக்கலாம், ஆனால் இந்தச் சூட்டில் நல்ல பெட்ரோலும் நேரத்துக்கு முன்னாலேயே தானாகப் பற்றிக்கொண்டு அப்படித்தான் தட்டும் என்றார். தட்டத் தட்டச் சூடு, சூடு ஏற ஏறத் தட்டு. வட்டிக்கு வட்டி!

* * *

அந்தக் கடையில் பஞ்சர் போடக் காத்திருந்தார் ஒரு கனடாக்காரர். வருஷா வருஷம் ஆசிரமத்துக்கு வந்து மூன்று மாசம் தங்குகிறவர். எங்கள் வண்டியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "எங்க ஊர்ல மைனஸ் இருபதுலயே இன்ஜின் சூடாகும்" என்றார். கரடி விடுகிறார் என்றுதான் நினைத்தேன். விளக்கினார்.

அங்கே பனியில் ஓடுகிற ஸ்நோமொபைல் என்று ஒரு வண்டி. நம்ம குல்மார்கில் டூரிஸ்ட்டுகளை ஏற்றிக்கொண்டு ஓடுகிறதே, அதேதான். முன்னால் சறுக்குப் பலகை, பின்னால் டாங்கி மாதிரி ரப்பர் பெல்ட். தண்ணீரால் குளிர்விக்கிற வகையில், அந்தச் சூட்டுத் தண்ணீர் ஓடுகிற குழாய் சீட்டுக்கு அடியில் இருக்கும். பெல்ட் சுழலும்போது வாரி இறைக்கிற பனி அந்தக் குழாயில் மோதி அதைக் குளிர வைக்கும். உறைந்த ஏரி மேலே போனால் வெறும் கெட்டி ஐஸ். இறைப்பதற்குத் தூள் பனி இல்லை. சுற்றிலும் ஐஸ் இருக்க, நடுவில் இன்ஜின் கொதிக்கும்! இதற்காகவே தரையில் உரசி ஐஸைச் சுரண்டித் தூளாக்குகிற கம்பிகளை மாட்டிக்கொள்கிறார்களாம். இன்ஜினைப் பெரிசாக்கினால் குளிர்விக்கிற குழாயையும் கூட்டுவார்களாம்.

அண்ணனுக்கு இதை மொழிபெயர்த்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"குளிர் பக்கத்துல இருந்தா மட்டும் பத்தாது சார். அது சூட்டை வந்து தொடணும்."

இதே விஷயத்தை ரோட்டிலேயே காட்டினார். புல்லட்டுக்கு ஃபேன் கிடையாது. வண்டி ஓடினால்தான் காற்று. ஸ்கூட்டரிலும் ஆட்டோவிலும் இன்ஜின் மூடி போட்டு உள்ளே இருக்கும். ஆனால் இன்ஜினோடு சேர்ந்து சுற்றுகிற ஃபேன் ஒன்று உண்டு. வண்டி நின்றாலும் காற்று ஓடும். கார்த்திகை தீபக் கூட்டத்தில் நத்தை மாதிரி ஊர்கிற ஆட்டோ தாக்குப் பிடிப்பதும், வீரமான புல்லட் முக்கி முனகுவதும் இதனால்தான். ஸ்கூட்டரில் ஃபேன் காற்றை இன்ஜினுக்குத் திருப்பிவிடுகிற அந்தத் தகர மூடியை 'எடை குறையும்' என்று கழற்றி எறிகிறவர்கள், மூடியோடு காற்றையும் சேர்த்துத்தான் எறிகிறார்கள்.

நண்பனுக்கு மாடிஃபிகேஷன் ஆசை இன்னும் தீரவில்லை. "அண்ணே, ஆயில் கூலர் ஒண்ணு மாட்டிடலாமா?"

ஆயில் கூலர் என்பது குட்டி ரேடியேட்டர். ஆயில் அதற்குள் போய்க் காற்று வாங்கிவிட்டு இன்ஜினுக்குத் திரும்பும். நல்ல சமாச்சாரம்தான். 1955-ல் மெட்ராஸில் புல்லட் தயாரிக்க ஆரம்பித்த கம்பெனியே 2016-ல் ஹிமாலயன் வண்டியில் ஆயில் கூலர் வைத்தது. 2023-ல் வந்த 450 சிசி ஹிமாலயனில் தண்ணீரால் குளிர்விக்கிற இன்ஜினுக்கே போய்விட்டது. இன்ஜின் பலம் கூடக் கூட, சூடு வெளியேறுகிற வழியையும் அவர்களே சேர்த்து வரைந்துவிடுகிறார்கள்.

அண்ணன் 'வேண்டாம்' என்று சொல்லவில்லை. "போடலாம். காத்து நேரா மோதற இடத்துல வெக்கணும். பைப்பு சைலன்சர் மேலே படக்கூடாது. நாலு ஜாயின்ட் புதுசா வரும், நாலுலயும் ஒழுகாம பார்த்துக்கணும். ஆனா ஒண்ணு... ஜுரம் ஏன் வந்துச்சுன்னு பார்க்காம நெத்தியில ஈரத்துணி போடற வேலை அது. முதல்ல ஜுரத்தை எறக்கலாம். அப்புறமும் சூடு இருந்தா கூலர் போடலாம். உங்க துட்டு, நீங்க சொல்லுங்க."

நண்பன் அந்தச் சைலன்சரைப் பார்த்தான். அதற்காக ஒரு மாச போனஸ் போயிருந்தது. சட்டப்படியும் அது குற்றம் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் ஆசைப்பட்டிருந்தான். இரண்டு நிமிஷம் கழித்து, "கழட்டிடுங்கண்ணே" என்றான். பல் பிடுங்கக் கொடுக்கிறவன் குரலில்.

* * *

இரண்டு நாள் வேலை. நாங்கள் ஆசிரமத்தில் காலையும் டீக்கடையில் மாலையுமாகக் கழித்தோம். பிஸ்டனில் விழுந்த கீறலைத் தேய்த்துச் சரிசெய்து, இடைவெளி அளந்து பார்த்தார் அண்ணன். பெயின்ட்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் பிரஷ்ஷால் தகடுகளைக் கழுவினார். கம்பெனி சைலன்சர், பழைய மாதிரி ஃபில்டர் டப்பா, பெரிசான போருக்கு ஏற்ற ஜெட், புது ஆயில். டைமிங் தள்ளியிருந்ததையும் சரிசெய்தார். இரும்புப் பெட்டிகள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. மஞ்சள் விளக்குகளை டீக்கடைக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சோதனை ஓட்டம் எங்கே? கிரிவலப் பாதைதான். மொத்தம் 14 கிலோமீட்டர். பௌர்ணமி இல்லாத நாள், சாயங்கால நேரம். நான் பின் சீட்டில்.

எம லிங்கத்தைத் தாண்டும்போது நண்பன் ஹாரன் கூட அடிக்கவில்லை. அத்தனை மரியாதை! செங்கம் ரோட்டை விட்டு உள்ளே திரும்பியதும் மரமும் நிழலும். நிருதி லிங்கம், வருண லிங்கம். நகரச் சத்தம் குறைந்து, மலை வேறு முகம் காட்ட ஆரம்பிக்கிறது. நடந்து வருகிறவர்களை ஒதுக்கி ஓட்டக் கூடாது. அவர்கள் வேகத்துக்குத்தான் நாமும் போக வேண்டும். இன்ஜினுக்குப் பரீட்சையே அதுதான்.

ஆதி அண்ணாமலை கோயில் பக்கத்தில் நிறுத்தி அணைத்தோம். இன்ஜினிலிருந்து டிக்... டிக்... என்று சன்னமான சத்தம். ஆறுகிற இரும்பு சுருங்குகிற சத்தம், பயப்பட வேண்டாம் என்று அண்ணன் முன்கூட்டியே சொல்லியிருந்தார். பதினைந்து நிமிஷம் சுண்டல் சாப்பிட்டுவிட்டு மறுபடி புறப்பட்டோம். வாயு லிங்கம் வரும்போது மேல்காற்று கொஞ்சம் வீசியது. தற்செயலாகத்தான் இருக்கும். குபேர லிங்கத்தில் நண்பன் மட்டும் இறங்கிக் கும்பிட்டான் (போனஸ் விஷயமாக இருக்கலாம்). ஈசான்யம் தாண்டி, ஊரைச் சுற்றி, மறுபடி செங்கம் ரோடு.

அண்ணன் ஆறும்வரை காத்திருந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். எங்களிடம் நீட்டினார். முனை, கும்பகோணம் டிகிரி காபிக்குப் போடுகிற தூள் கலர்.

வெயில் காலத்தில் நீண்ட தூரம் கிளம்புகிற வாசகர்களுக்காக அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டது இது. காற்றை மறைக்கிற எதையும் இன்ஜினுக்கு முன்னால் மாட்டாதீர்கள். தகடுகளில் சேறு இருந்தால், ஆறின பிறகு கழுவுங்கள். சூடான இன்ஜினில் தண்ணீர் ஊற்றினால் இரும்பு விரிசல் விடும். சைலன்சரையோ ஃபில்டரையோ மாற்றினால் ஜெட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். கிளம்புமுன் ஆயில் அளவு. டிராஃபிக்கில் நிற்க வேண்டி வந்தால் அணைத்துவிடுங்கள். சத்தம் மாறினால் 'அடுத்த ஊர்ல பாத்துக்கலாம்' வேண்டாம், அங்கேயே நிழலில் நிறுத்துங்கள். பழைய வண்டிக்காரர்கள் இரண்டு விரலைக் கிளட்ச் மேலேயே வைத்திருப்பது ஸ்டைலுக்காக இல்லை. பிஸ்டன் பிடித்தால் அந்த நொடியே கிளட்சைப் பிடித்தால்தான் பின் சக்கரம் விடுபடும்.

பில் மூவாயிரத்து நானூறு ரூபாய். நண்பன் க்யூஆர் கோடைத் தேடினான். புளியமரத்தில் ஆணியடித்து மாட்டியிருந்தது.

பத்து நாள் கழித்து ஏற்காட்டிலிருந்து போன் செய்தான். பத்தாவது கொண்டை ஊசி வளைவில் ஓரங்கட்டி நின்றிருக்கிறார்கள். பக்கத்தில் மனைவி குரல் கேட்டது: "ஏங்க, வண்டி ரிப்பேரா?"

"இல்லம்மா. அதுக்கு டீ டைம்."